தூரமா, பக்கமா?

எங்க போறீங்கன்னு கேக்காத தாயி. சரி, கேட்டுட்ட, பரவாயில்ல. பஸ்ஸுல ஏறி உக்காந்தப்புறம் கேட்டா தோஷம் பாதிதான்னு வெச்சுக்குவோம். இங்கிட்டு உக்காரு, பையை நான் மடியில வெச்சுக்கிறேன். நீ தமிழ்ப் பிள்ளைன்னு ஏறும்போதே கண்டுபிடிச்சிட்டேன். கார்டைத் தட்டிட்டு டிரைவர்கிட்ட ‘தேங்க்ஸ்ணா’ன்னியே, அந்த ‘ணா’வை இந்த ஊருல வேற யாரு சொல்லப்போறா? எந்த ஊரு, கம்பமா? நாங்க அருப்புக்கோட்டை. கழுத்துல தொங்குற அட்டையைப் பாத்தா ஆஸ்பத்திரி வேலைபோல இருக்கு. நல்லாரு.

கோவிச்சுக்காத. வெளிய கிளம்புறவுககிட்ட எங்கன்னு கேட்டா போற காரியம் கெட்டுப்போகும். உங்க அம்மா சொல்லித்தரலையா? கேட்டே ஆகணும்னா ‘தூரமா?’ன்னு கேக்கணும். அவுகளும் ‘ஆமா, கொஞ்சம் தூரந்தான்’ம்பாக, இல்ல ‘பக்கந்தான்’ம்பாக. அதோட விட்டுறணும். எங்க வீட்டுல கடைசி வரைக்கும் நாங்க அப்படித்தான் இருந்தோம். எங்க வீட்டுக்காரவுக தவறிப்போயி வர்ற மாசிக்கு வருஷம் திரும்புது. அட, நீ எதுக்கு சாரி சொல்ற, உனக்கென்ன தெரியும். சாப்புடுறேன், தூங்குறேன், இப்படி பஸ்ஸுல ஏறி உக்காந்துக்கிறேன். நாள் பூரா செல்லுற டிக்கெட்டு ஒண்ணு இருக்குல்ல, அதை வாங்கிக்குவேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கப் பிடிக்கல, அம்புட்டுதான்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தாயி. நீ இங்கிலீஷு படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும். ஆனா முதல்லருந்து சொன்னாத்தான் விளங்கும். உன் ஸ்டாப்பு வந்தா இறங்கிக்கோ, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

அவுக இங்க கோழி கம்பெனியில மெயின்டனன்ஸ் பாத்தாக. பேரு நான் சொல்ல மாட்டேன். பூமின்னு ஆரம்பிக்கும், நாதன்னு முடியும், நீயே சேத்துக்கோ. கோழியை உரிக்கிறது, வெட்டுறது, பெட்டியில அடைக்கிறது எல்லாம் மிஷினுதான். ஒரு மிஷின் நின்னாலும் இவுகளைத்தான் கூப்பிடுவாக. வாரம் பூரா அந்தச் சத்தம். காதுல மாட்டுறதை மாட்டிக்கிட்டுத்தான் வேலை. வீட்டுக்கு வந்து அதைக் கழட்டினாலும் கழட்டாத மாதிரித்தான் இருப்பாக. நான் டிவி வெச்சா எந்திரிச்சு உள்ள போயிருவாக. மிக்ஸி போட்டா தோட்டத்துக்குப் போயிருவாக. சரி, சத்தம் ஆகல மனுஷனுக்குன்னு நானும் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்.

பேச்சே இல்லன்னு நெனச்சுறாத. ‘சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு’ம்பேன். ‘ம்’பாக. ‘பால் முடிஞ்சு போச்சு’ம்பேன். வாங்கிட்டு வந்துருவாக. ஒரு நாளும் சண்டை இல்ல. எதுத்த வீட்டு வெள்ளக்காரனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்திக் கத்துவாக, நான் ஜன்னலைச் சாத்திட்டு நெனச்சுக்குவேன், நம்ம வீடு எம்புட்டு நல்ல வீடுன்னு.

மக கனடாவுக்குப் போனதுக்கப்புறந்தான் சைக்கிள் வாங்குனாக. ஞாயித்துக்கிழமை காலையில இட்லி சாப்புட்டுட்டு கிளம்பிருவாக. நம்ம ஊருல சைக்கிள்ல போறவன் டவுனுக்குப் போவான், இவுக டவுனை விட்டு வெளிய. பெரிய ரோடு வேணாம், லாரி வேணாம், கார் வேணாம். யாருமே போகாத ரோடாத் தேடித்தேடிப் போவாக. இந்த ஊர்ப்பக்கம் அப்படி எம்புட்டோ ரோடு கிடக்குதாமே. ரோட்டு நடுவுல புல்லு மொளைச்சுக் கிடக்குமாம். ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு வேலி. ஒரு காரு வந்தா இன்னொரு காரு ரிவர்ஸ்ல போகணும், அம்புட்டு ஒடுக்கம். சாயங்காலம் ஃபோன்ல மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு விரலால தடவிக்கிட்டே இருப்பாக. ‘இதுல மேடே இல்ல’ம்பாக, தனக்குத்தானே. ‘இதுல வழியில பெஞ்சு இருக்கு’ம்பாக. நான் பயறு பொறுக்கிக்கிட்டு இருப்பேன். மூச்சு இளைக்குதுபோல, அதான் மேடு இல்லாத ரோடாப் பாக்குறாகன்னு நெனச்சுக்குவேன். டாக்டர்கிட்டப் போங்கன்னேன். ‘எனக்கென்ன’ன்னாக.

ஒரு தடவை சொன்னாக, ‘இந்த ரோட்டுல காரே வராது, நீகூட ஓட்டலாம்.’ நான் சிரிச்சுட்டேன். என் முழங்காலுக்கு சைக்கிளா! ஷெட்டுல இன்னொரு சைக்கிள்கூட கிடக்கு. பொம்பளைக ஓட்டுறது, நடுக்கம்பி இல்லாதது, பச்சைக் கலரு, முன்னால கூடை வெச்சது. மக வந்தா ஓட்டட்டும்னு வாங்கியிருப்பாக. அவளுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது, அது வேற விஷயம். நான்தான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல போனவ. பந்தல்குடி ரோட்டுல ரெட்டைச் சடையைப் போட்டுக்கிட்டு போவேன். அப்பவே என்னைய இவுக பாத்திருக்காகளாம், கல்யாணத்துக்கப்புறம் அத்தை சொன்னாக. இவுக சொல்லல.

கேக்கக் கூடாதுங்குறது எங்கருந்து வந்துச்சுன்னு கேளு. கல்யாணமான புதுசு. ஒருநாள் காலையில சட்டைய மாட்டிக்கிட்டு வாசல்ல செருப்பைப் போடுறாக. நான் விவரம் தெரியாம ‘எங்க போறீக?’ன்னுட்டேன். உள்ளருந்து அத்தை ‘அடி ஆத்தி!’ன்னு ஓடியாந்தாக. திரும்பி உள்ள வரச்சொல்லி, உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, மறுபடி அனுப்புனாக. அன்னைக்கு மில்லுல இன்டர்வியூவாம். வேலை கிடைக்கல. சாயங்காலம் வந்து என்னையப் பாத்து, ‘இனிமே எங்கன்னு கேக்காத’ன்னாக. கோவமாக்கூட இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாக. நான் அதோட நிறுத்திட்டேன். மறந்துகூட ஒருநாளும் வாயில வரல. அத்தை செத்து, ஊரு மாறி, நாடு மாறி வந்தப்புறமும் வரல. சொன்னாச் சொன்னதுதான் எனக்கு.

‘தூரமா?’ன்னு கேப்பேன், அது உண்டு. ஞாயித்துக்கிழமை இட்லி டப்பாவைப் பையில வெச்சுக்கிட்டே கேப்பேன். ‘பக்கந்தான்’ம்பாக. எப்பவும் அதே பதில்தான். நின்னு ஒரு நிமிஷம் என்னையப் பாப்பாக, அப்புறம் ‘வாரேன்’னு போயிருவாக. ஹெல்மெட்டு வார் சரியா இருக்கான்னு நான் பாக்கணும்னு நிக்கிறாகளோ என்னமோ. நான் கதவைச் சாத்திட்டு பாத்திரம் கழுவப் போயிருவேன்.

வந்தப்புறம் கேக்கலாமேன்னு நீ நெனைக்கிற, மூஞ்சியைப் பாத்தா தெரியுது. வந்த மனுஷன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? வந்தாச்சுல்ல? வந்துட்டாகன்னா எனக்கு நிம்மதி. அவுகளும் சொல்ல மாட்டாக. எதையாச்சும் கொண்டாந்து மேஜை மேல வெச்சிட்டு நிப்பாக. ஒருநாள் சின்னச் சின்னதா மஞ்ச ஆப்பிள், வாயில வைக்க முடியாத புளிப்பு. ஒருநாள் ஏதோ பறவை இறகு. ஒருநாள் நீலக் கலர்ல முட்டை. ஆமா தாயி, முட்டை ஓடே நீலம்! கோழி கம்பெனியில வேலை பாக்குற மனுஷன் காசு குடுத்து முட்டை வாங்கிட்டு வரலாமான்னு சத்தம் போட்டேன். ஒருநாள் வேலியில பூத்த வெள்ளப் பூவைக் கொத்தா ஒடிச்சுட்டு வந்து நின்னாக. ‘காலெல்லாம் சேறு, அங்கிட்டே நில்லுங்க’ன்னேன். பூவை வாங்கித் தண்ணியில போட்டேன், போடாம இல்ல. ஆனா ஒரு மாதிரி வாடை அந்தப் பூவுக்கு, ராத்திரிக்குள்ள தூக்கி எறிஞ்சுட்டேன்.

அன்னைக்கும் அப்படித்தான். இட்லி ஆறு வெச்சேன். வர வர ஞாயித்துக்கிழமைன்னா கூட ரெண்டு வையிம்பாக, பொடியும் எண்ணெயும் தனியா ஒரு சின்ன டப்பாவுல. சைக்கிள் மிதிச்சா பசிக்கத்தானே செய்யும். ‘தூரமா?’ன்னேன். ‘பக்கந்தான்’னாக. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவாக எப்பவும். வரல. ஃபோனைக் கொண்டுபோகல, ஞாயித்துக்கிழமையாச்சும் அது கத்தாம கிடக்கட்டும்னு வீட்டுலயே வெச்சிட்டுத்தான் போவாக. குழம்பைச் சூடு பண்ணி வெச்சேன். மறுபடி சூடு பண்ணினேன். வெளிய போன ஆளைப் பின்னால கூப்பிடக் கூடாது, தேடக் கூடாதுன்னு இருந்தேன். இருட்டத் தொடங்குனப்புறம் மகளுக்கு அடிச்சேன். அவ கத்துற கத்து! ‘உடனே போலீசுக்கு அடிம்மா’ன்னா.

போலீசுன்னா ஒரு சின்னப் பொண்ணு. உன் வயசுதான் இருக்கும். செருப்பு வாசல்ல கிடக்குறதைப் பாத்துட்டு அவளே பூட்ஸைக் கழட்டப் போனா, நான் வேணாம்னேன். எனக்கு இங்கிலீஷு கடைக்குப் போயி வர்ற அளவு தெரியும், இதெல்லாம் சொல்ல வராது. அவ ஃபோன்ல ஒரு மொழிபெயர்க்கிறவரைப் பிடிச்சு ஸ்பீக்கர்ல போட்டா. சிலோன்காரர். ‘அக்கா, அவர் எந்தப் பக்கம் போனவர் எண்டு பொலிஸ் கேக்கினம்’ன்னாரு. தெரியாதுன்னேன். ‘வழமையா எங்க போறவர்?’ தெரியாதுங்கய்யா. ‘வலப் பக்கமோ இடப் பக்கமோ?’ நான் கதவைச் சாத்திருவேன்ல, எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு எழுதுறதை நிறுத்திட்டு என்னையப் பாத்தா. ஒவ்வொரு வாரமும் போற புருஷன் எங்க போறான்னு தெரியாதான்னு கேக்குறா. அப்ப நான் அந்த அய்யாகிட்ட வெளாவாரியாச் சொன்னேன். கிளம்புறப்ப கேக்கக் கூடாதுங்குறது, அத்தை தண்ணி குடுத்தது, மில்லுல வேலை கிடைக்காதது, தூரமா பக்கமா, எல்லாம் சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டாரு. ‘எனக்கு விளங்குது அக்கா. எங்கட அம்மாவும் கேக்க விடமாட்டா’ன்னாரு. எனக்கு உசுரே வந்தது. அப்புறம் அவகிட்ட இங்கிலீஷுல சொன்னாரு. என்ன சொன்னாருங்குற? ‘ஷி டசின்ட் நோ.’ அம்புட்டுதான். அதை அவ ஒரு வரியா எழுதிக்கிட்டா.

அதுக்கப்புறம் அவ மெதுவா இன்னொண்ணு கேட்டா. வீட்டுல ஏதும் சண்டையா, ரெண்டு பேரும் பேசிக்குவீங்களான்னு. அந்த அய்யா அதைத் தமிழ்ல சொல்லவே கூச்சப்பட்டாரு. பேசிக்குவோமாவா! முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்துனவகிட்ட கேக்குற கேள்வியா இது? எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அன்னைக்கு அந்தக் கோவம் ஒண்ணுதான் எனக்கு வந்தது, வேற எதுவும் வரல. பயம்கூட வரல.

ராத்திரியெல்லாம் தேடினாக. எந்தப் பக்கம்னு தெரியாததுனால எல்லாப் பக்கமும் தேடினாக. விடிஞ்சப்புறம் குதிரையில வந்த ஒரு பொண்ணு பாத்திருக்கு. ரோட்டோரத்துல ஒரு வயக்காட்டு கேட்டுல சாஞ்சு உக்காந்த மாதிரியே இருந்தாகளாம். நெஞ்சு நின்னு போச்சு. மத்தியானமே முடிஞ்சிருச்சு, எப்ப ஃபோன் பண்ணியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரு. ஆறுதலாவும் இல்ல, இல்லாமயும் இல்ல. கார் வராத ரோடா பாத்துப் பாத்துப் போனாக. அன்னைக்கும் கார் வரல.

வீட்டுலருந்து எம்புட்டு தூரம்ங்குற? பக்கந்தான். அவுக பொய் சொல்லல. சைக்கிள் வீட்டுப் பக்கம் பாத்துத்தான் சாத்தியிருந்துச்சாம். அதை அந்தப் போலீஸ்காரப் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டேன். எதுக்குன்னா மக வந்து இறங்குனதும் ஒரு வார்த்தை சொன்னா. அழுதுக்கிட்டே, ஆத்திரத்துல சொன்னா. ‘அம்மா, அப்பா சைக்கிள் ஓட்டப் போகல. உன்கிட்டருந்து தப்பிச்சு ஓடுனாரு. வாரம் வாரம் தப்பிச்சு ஓடுனாரு.’ பெத்த மக சொல்றா. அப்புறம் சாரி சொன்னா, காலைப் பிடிச்சா, எல்லாம் செஞ்சா. ஆனா அந்தச் சொல்லு உள்ள போயி உக்காந்துக்கிச்சு தாயி. எனக்குத் தெரிய வேண்டியது இப்ப அது ஒண்ணுதான். வேற எதையும் நான் கேக்கல. என்னைய விட்டுத் தப்பிச்சுப் போனாகளா, இல்லையா? போறவுக சைக்கிளை வீட்டுப் பக்கம் பாத்து சாத்துவாகளா?

அடக்கத்துக்கு நாலஞ்சு பேருதான் வருவாகன்னு நெனச்சோம், கம்பெனியில இருந்து. வந்து பாத்தா மண்டபம் நெறைய ஆளு. எல்லாம் வெள்ளக்காரவுக, வயசானவுக, எனக்கு ஒருத்தரையும் தெரியல. மகளுக்கும் தெரியல. ஒருத்தர் நாயைக் கொண்டாந்து வெளிய கட்டிட்டு வந்தாரு. அந்தக் குதிரைக்காரப் பொண்ணு வந்துச்சு. இன்னொருத்தர் ஒரு சர்ச்சுக் கோயிலைப் பாத்துக்குறவராம், அங்க குழாய்ல இவுக தண்ணி பிடிப்பாகளாம். ‘பூமி, பூமி’ங்குறாக ஆளாளுக்கு. நின்னு நின்னு பேசிட்டுப் போவாராம். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம். அவரு வர்ற சத்தம் வளைவுக்கு அங்கிட்டே கேக்குமாம், குதிரை மிரளக் கூடாதுன்னு பாட்டுப் பாடிக்கிட்டே வருவாராம். பாட்டாம்!

நான் மகளைக் கூப்பிட்டு ரகசியமாச் சொன்னேன். ‘இவுக ஆளு மாறி வந்துட்டாக. பாவம், சொல்லி அனுப்பிரு.’ அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. இல்ல, நீயே சொல்லு. எங்க வீட்டுக்காரவுக பாடி நான் கேட்டதே இல்ல. சிரிச்சுப் பேசுற மனுஷன் எங்க, இவுக எங்க? நம்ம ஆளுக எல்லாரும் அவுக கண்ணுக்கு ஒரே மாதிரித்தானே இருக்கோம். வேற எவனோ ஒரு பூமிநாதன்... பாரு, பேரைச் சொல்லிட்டேன். போகுது. இனிமே சொன்னா என்ன.

எனக்கு அழுகை வரல அன்னைக்கு. இன்னைக்கு வரைக்கும் வரல. பல்லுப் பிடுங்குறப்ப ஊசி போடுவாகல்ல, அந்த மாதிரி இருக்கு. தொட்டா தொடுறது தெரியுது, அம்புட்டுதான். வந்தவுக எல்லாரும் அழுதாக. நான் அவுகளுக்கு டிஷ்யூ எடுத்துக் குடுத்தேன்.

அதுல ஒரு அம்மா. ஜோன்னு பேரு. என்னைய விடப் பத்துப் பதினஞ்சு வயசு மூப்பு இருக்கும், ஆம்பளை மாதிரி கோட்டு, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸு. நேரா என்கிட்ட வந்து, ‘சவுந்தரம்?’னா. அப்படியே சொன்னா, நம்ம ஊருல கூப்பிடுற மாதிரியே, இழுக்காம, கடிக்காம. பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்னும் என் பேரு ‘சவுண்டு’தான். இவளுக்கு யாரோ உக்கார வெச்சுச் சொல்லிக்குடுத்த மாதிரி வந்துச்சு. அதுலதான் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். ஏன்னா எங்க வீட்டுக்காரவுக என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்ல. வீட்டுல ‘இந்தா’ம்பாக. ‘இந்தா, தண்ணி குடு.’ ‘இந்தா, கதவைச் சாத்து.’ எல்லா வீட்டுலயும் அப்படித்தானே.

அந்த ஜோன் ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்தா, நீல முட்டையை எடுத்துக்கிட்டு. அப்பத்தான் தெரியும் முட்டை எங்கருந்து வந்துச்சுன்னு. அவ வீட்டு வாசல்ல முட்டையை வெச்சு விப்பாளாம், ஆளில்லாக் கடை. இவுக ஒருநாள் முட்டை எடுக்க நின்னுருக்காக, இவ டீ குடுத்திருக்கா, அதுலருந்து வாரம் வாரம் நின்னுருக்காக. என் இட்லியை ரெண்டு பேரும் தின்னுருக்காக! ‘பொடி’ங்குறா. காரமா இருக்குமேன்னேன், முதல்ல தும்மல் வந்துச்சாம், இப்ப அது இல்லாம ஞாயித்துக்கிழமை போக மாட்டேங்குதாம். நான் ஒரு பாட்டில் நெறையப் போட்டுக் குடுத்தேன். வேற என்ன செய்ய.

என்னையத் தன் கார்ல கூட்டிட்டுப் போயி அந்த ரோட்டையெல்லாம் காட்டினா. பாக்கணும்னு நான் கேக்கல, அவளாத்தான் கூட்டிட்டுப் போனா. வேலி, புல்லு, கேட்டு, மறுபடி வேலி. ஒரு டீக்கடை இல்ல, ஒரு மனுஷ மக்க இல்ல. முக்குக்கு முக்கு வெள்ளைக் கட்டையில ஊர்ப் பேரு எழுதி நட்டு வெச்சிருக்கு, அந்த ஊரைத்தான் காணோம். இதுக்காய்யா இம்புட்டு தூரம் மிதிச்சீகன்னு இருந்துச்சு. ஒரு இடத்துல காரை நிறுத்தி, இங்கதான்னு கேட்டைக் காட்டினா. இறங்குறியான்னா. வேணாம்னேன். கார்லயே உக்காந்து பாத்தேன். கேட்டுதான். மாடு நின்னுச்சு உள்ள.

இப்பத்தான் நான் கேக்க வந்ததுக்கு வாரேன். பொறு, இந்தப் பாலம் தாண்டி இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கு ஆஸ்பத்திரிக்கு, எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து எங்க அடுப்படியில உக்காந்து டீ குடிக்கிறோம் அவளும் நானும். எனக்கு விளங்கணும்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னா. பூமி உன்னையப் பத்தித்தான் எப்பவும் பேசுவாருன்னா. சரின்னேன். அப்புறம் சொன்னா, ‘எவ்ரி சண்டே ஹி டோல்ட் மி, சவுந்தரம் நெவர் ஒன்ஸ் ஆஸ்க்டு மி வேர் ஐ கோ.’ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லுவாகளாம். சவுந்தரம் நான் எங்க போறேன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லன்னு.

எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு தாயி. மத்தவுக யாரும் இதைக் கண்டுக்கல. அந்தப் போலீஸ்காரி என்னையக் குத்தவாளி மாதிரிப் பாத்தா. பெத்த மக என்னென்னமோ பேசுனா. ஆனா கட்டுன மனுஷன் கவனிச்சிருக்காக. அத்தை இருந்த காலத்துல ஒரு நாள் சொன்ன ஒத்தச் சொல்லை இவ இன்னைக்கு வரைக்கும் மீறலையேன்னு ஞாபகம் வெச்சு, வாரம் வாரம், தேசம் தாண்டி வந்து, யாரோ ஒரு முட்டைக்காரிகிட்டச் சொல்லியிருக்காக. என்கிட்டச் சொல்லல, சரி, புருஷன் பொண்டாட்டியை நேர்லயா மெச்சுவான்? தப்பிச்சு ஓடுற மனுஷன் இப்படிச் சொல்லுவானா?

நானும் சொன்னேன். ‘எஸ். நெவர். நாட் ஒன் டே’ன்னேன். தலையை நிமுத்தித்தான் சொன்னேன்.

அதுக்கு அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. டீயை அப்படியே வெச்சிட்டு, அம்மாடி, அப்படி ஒரு அழுகை. ‘ஓ சவுந்தரம், ஓ சவுந்தரம்’ங்குறா. என் கை ரெண்டையும் விடல. நான் எதுக்கு அழுகுறாள்னு தெரியாம உக்காந்திருக்கேன். அவுகளை நெனச்சு அழுதா செத்த வீட்டுல அழுதிருக்கணும், அன்னைக்கு அழுதும் முடிச்சிட்டா. இப்ப என்னையப் பாத்துப் பாத்து அழுகுறா. போனப்புறம் டம்ளரைக் கழுவுறப்பத்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. அதுலருந்து அது போகவே இல்ல. மககிட்டக் கேக்க முடியாது. ஜோன்கிட்டக் கேக்க எனக்கு இங்கிலீஷு பத்தாது.

நீ சொல்லு. ‘நெவர் ஒன்ஸ்’னா ஒரு தடவைகூட இல்லன்னுதானே அர்த்தம்? வேற ஏதும் உள்ளர்த்தம் இருக்கா? நம்ம தமிழ்ல ‘ஒரு வார்த்தை கேட்டாளா?’ன்னு குறையாவும் சொல்லுவாக, ‘ஒரு வார்த்தை கேட்டதில்ல’ன்னு பெருமையாவும் சொல்லுவாக. சொல்ற விதத்துல இருக்கு. இங்கிலீஷுல எப்படி? அவுக சொன்ன விதத்தை நான் கேக்கல, அவ சொன்னதைத்தான் கேட்டேன். பெருமையாத்தானே சொல்லியிருப்பாக? என்ன தாயி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட? உன் ஸ்டாப்பு வந்திருச்சு, பெல்லை நான் அமுக்கிட்டேன், டிரைவர் நிப்பாட்டுவான். இறங்கு, வேலைக்கு நேரமாகுது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கு. பெருமையாத்தானே?